மூலையில் ஓர் எண்

மார்லிஸ் ட்வெய்ட் கணினித் திரையின் மேல்மூலையில் ஆட்காட்டி விரலை வைக்கிறார். படிக்கப்போகும் மென்பொருள் ஆவணப் பக்கம் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்கிற எண் அங்கேதான் இருக்கும். அதைப் பார்க்காமல் அவர் ஒரு வரிகூடப் படிப்பதில்லை. அவருடைய பழைய கணினியில் அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கிப்போயிருந்தது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள எங்கள் ஊரில், ஆறு எவ்வளவு உயரும் என்று முன்கூட்டிச் சொல்வது அவர் வேலை. அதற்கென்று பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட ஒரு மென்பொருள் தொகுப்பை வைத்துக் கணக்கிடுகிறார். தொகுப்பை நிறுவும்போது திரையில் வரிகள் ஓடும். மற்றவர்கள் காபிக்கு எழுந்து போவார்கள். இவர் கைகட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பார். "வீட்டுக்குள்ள சாமான் இறங்கறப்ப வாசல்ல நிக்க வேணாமா?"

பனி உருகிய அந்த ஏப்ரல் வாரத்தில் பழைய கணினி உயிரை விட்டது. அலுவலகம் கொடுத்த மாற்றுக் கணினியில் தொகுப்பை நிறுவி ஓட்டினார். முப்பத்தெட்டு அடி என்றது. கரையின் உயரம் நாற்பது. வெள்ளத் தடுப்புப் பொறுப்பாளர் டுவேன் ஹாகன் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"உஃப்டா!" எங்கள் ஊர்க்காரர்களின் 'அப்பாடா' அது. "பொழைச்சோம். மணல் மூட்டை அடுக்கற ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"இருங்க. காலையில பனிக்கட்டி மோதி ஆத்து அளவுமானி நின்னுபோச்சே, அந்த இடைவெளிய இது என்ன பண்ணுச்சு?"

"அம்மா தாயே, ஆவணத்துலயே இருக்கு. ஆத்தோட மேல்பக்கத்து ஊரோட அளவ வச்சு நிரப்பிக்குமாம். நானே தேடிப் படிச்சேன்."

"எந்த வெர்ஷனோட ஆவணம்?"

டுவேன் அதைக் கவனித்திருக்கவில்லை. தேடினால் முதலில் கிடைப்பது புதிய பதிப்பின் பக்கம். மாற்றுக் கணினியில் இருந்ததோ பழைய பைத்தான். அது தனக்கு ஒத்துப்போகும் பழைய தொகுப்பைச் சத்தமில்லாமல் இறக்கியிருந்தது.

"வரி ஓடறப்பவே பாத்தேன், பழைய நம்பர்தான்" என்றபடி மார்லிஸ் மூலையில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார். பழைய பக்கம் திறந்தது. அடியில் ஒற்றை வரி: அளவு வராத நேரங்களுக்குக் கடைசி அளவே திரும்ப இடப்படும்.

"விடிஞ்சதுலேர்ந்து ஆறு ஏறவே இல்லன்னு இது நம்பிட்டிருக்கு, டுவேன்."

ஜன்னலுக்கு வெளியே ஆறு ஏறிக்கொண்டிருந்தது.

புதிய பைத்தானை ஏற்றி, தொகுப்பை மறுபடி நிறுவினார். ஊரே காத்திருக்க, அப்போதும் கைகட்டி வரிகளைப் படித்தார். விடை வந்தது: நாற்பத்தொன்றரை.

"ஒருத்தரும் போகாதீங்க! இன்னும் ரெண்டடி ஏத்தணும்!" டுவேனின் குரல் வானொலிக் கருவியில் பிளிறியது. ஊர்ச் செய்தித்தாளில் தேர்தல் கூட்டங்களையும் தீ விபத்துகளையும் எழுதிப் பழகியவன் நான். யாரோ எங்கோ எழுதிவைத்த ஒரு வரிக்காக ஓர் ஊர் முழுக்க மண்வாரியோடு ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

உச்சம் வந்த மதியம் மார்லிஸோடு கரைமேல் நின்றேன். ஒரு பக்கம், நேற்றுவரை கரை முடிந்த இடத்துக்கு மேலே பழுப்புத் தண்ணீர். மறுபக்கம், வடக்குத் தெரு வீடுகளின் கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் குனிந்து, நனைந்த மூட்டையில் தண்ணீர் தொட்டு நின்ற விளிம்பின்மேல் ஆட்காட்டி விரலை வைத்தார்.