ஸ்பானிஷில் சிரித்தவள்

என் மனைவி இறந்த பிறகு அவள் பெயரில் ஒரு கல்வி உதவி நிதி தொடங்கினோம். மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் கையில் வசதியில்லாமல் வாழும் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போவதற்கான நிதி அது. ஏன் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இல்லை என்று தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் எனக்கே அப்போது சரியாகத் தெரியாது.

அவள் எங்கள் வீடு இருக்கும் வெரிபீக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு உதவியாளராக இருந்தாள். எல் சல்வடோரிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்து, ஆங்கிலம் பிடிபடாமல் முழிக்கும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை விளங்கப்படுத்துவது அவளுடைய வேலை. மன்னாரில் பிறந்தவளுக்கு ஸ்பானிஷ் எங்கே தெரியும்? வேலைக்குப் போன புதிதில் ஒருநாள், வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு ஒரு பெட்டை 'பான்' எண்டு சொன்னாள். என்னெண்டு பாத்தால் காலமை சாப்பிடுற எங்கட பாண்! காலில போடுற சப்பாத்துக்கு அவை சப்பாத்தோ எண்டுதான் சொல்லுகினம். மேசைக்கு மேசா. சமைக்கிற குசினிக்குக் கொசினா."

"போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டிட்டுப் போனதல்லோ. ரெண்டும் கிட்டக்கிட்ட மொழியள்" என்றேன்.

"ஆர் விட்டிட்டுப் போனால் என்ன? எனக்கு ஒரு மொழியில கால்வாசி சும்மா கிடைச்சிட்டுது."

மீதி முக்கால்வாசியை அவள் எப்போது படித்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ட்ருகனினாவில் ஒரு வெயார்ஹவுஸில் பின்னேர ஷிப்ட். நான் வீட்டுக்கு வரும்போது அவள் படுத்திருப்பாள். நான் எழும்பும்போது அவள் போயிருப்பாள். சனிக்கிழமைகளில் அந்தக் குடும்பங்கள் கூடும் மண்டபம் ஒன்றுக்குப் போய், பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுப்பாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பல குடும்பங்களைப் போல, ஒரே வீட்டில் முறை வைத்து வாழ்ந்தோம்.

ஒரு குளிர்காலக் காலையில் அவள் வகுப்பறையில் மயங்கி விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவே இல்லை.

இறுதிப் பூசையன்று கோயிலின் பின்வரிசைகள் நிறைய எனக்குத் தெரியாத முகங்கள். கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் அங்கிருந்து ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். கூட இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்பானிஷ் பாட்டு. எங்கள் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த அன்ரி ஒருவர் காதுக்குள் கேட்டார்: "ஆர் தம்பி இவை?"

"பள்ளிக்கூடத்து ஆக்கள்" என்றேன். அந்தப் பெண் பாடிக்கொண்டே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிதி பற்றிய யோசனை மகளுடையது. அவள் சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கிறாள். மகன் பெர்த்தில் சுரங்க வேலை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு இருவரும் வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள்:

"அம்மான்ர சூப்பர் காசை, அந்த ஓய்வூதியச் சேமிப்பை, நாங்கள் எடுக்க வேண்டாம் அப்பா. அவவின்ர பேரில ஒரு ஸ்கொலர்ஷிப் வைப்பம்."

"தமிழ்ப் பிள்ளையளுக்கோ?" என்றான் மகன்.

"எங்கட பிள்ளையளுக்கு ட்யூஷன் இருக்கு. கேட்டுச் சொல்ல ஊர்ப்பட்ட அங்கிள்மார் இருக்கினம். அம்மா சனிக்கிழமையில எங்க போனவ? அங்க குடுப்பம்."

மகன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

முதல் வருடம் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனது நிறைகிறது. பிள்ளைகள் இருவரும் லீவு போட்டு வந்தார்கள். மகன் ஹோலில் காற்றுக் கட்டில் ஊதிப் போட்டான். விண்ணப்பங்களை வாசித்து வாசித்து இருவரும் சின்ன வயதில் போலச் சண்டை பிடித்தார்கள். மகள் தாயைப் போல மீன்குழம்பு வைக்கப் போய், புளி கூடி, மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம். வெளியில் சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்த நிதி அந்தப் பிள்ளைகளுக்கு உதவ முதலே எனக்கு உதவிவிட்டது. வீட்டில் ஆள் சத்தம் கேட்டது.

அடுத்த வருடம் மகள் மட்டும் வந்தாள். அதற்கடுத்த வருடம் அவளுக்குக் கைக்குழந்தை. மகனுக்கு ஷிப்ட் மாற்றக் கிடைக்கவில்லை. இருவரும் வரவில்லை. விண்ணப்பித்தவர்களின் விபரத்தை எங்கள் மூன்று பேருக்குமான வட்ஸ்அப் குழுவில் போட்டேன். மகன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். மகள், "யூ டிசைட் அப்பா. நீங்கள் செய்தால் சரியாத்தான் இருக்கும்" என்று எழுதினாள். அன்பாகத்தான் எழுதினாள். கோபிக்க எனக்கு நியாயம் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போட்டேன். ஞாபகமில்லாமல் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன்.

நேர்முகத்துக்கு அந்த மண்டபத்தின் பக்க அறையைக் கேட்டு வாங்கியிருந்தேன். தனியாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினேன். கடைசியாக வந்த பெண்பிள்ளை தாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தாய் வாசலிலேயே நின்றார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, கோயிலில் பாடியவர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

பிள்ளை பிசியோதெரபி படிக்க விரும்பினாள். தகப்பன் கட்டட வேலையில் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டதையும், அவரை நடக்கப் பழக்கியவர்களைத் தான் பக்கத்திலிருந்து பார்த்ததையும் சொன்னாள். தெளிவான பிள்ளை. நான் கேட்டதற்கெல்லாம் யோசித்துப் பதில் சொன்னாள். தாய் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினாள்.

"என்ன கேட்கிறார்?" என்றேன்.

பிள்ளை சங்கடத்தோடு ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்கள் தும்மினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்குமாமே. அது நீங்கள்தானா என்று அம்மா கேட்கிறா."

"ஓம், நான்தான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என் தலையாட்டலில் தாய்க்கு விளங்கியது. அவர் கைகொட்டிச் சிரித்தார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. என் மனைவி இந்த மண்டபத்தில் எல்லாரையும் விழுந்து விழுந்து சிரிக்க வைப்பாளாம். பள்ளிக்கூட அதிபர் போல நடந்து காட்டுவாளாம். என்னைப் பற்றிய கதைகள் ஏராளமாம். நான் தும்முவது, ஜி.பி.எஸ்ஸோடு வாக்குவாதப்படுவது, கைக்குட்டைக்கு அயர்ன் போடுவது. என்னை ஒருநாளும் கண்டிராத மனிதர்கள் என்னை நன்றாக அறிந்திருந்தார்கள். நான்தான் ஒருவரையும் அறியேன்.

தாய் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். இந்தப் பிள்ளையின் பதினைந்தாவது பிறந்தநாள் விழா. அவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். நடுவில் என் மனைவி, கையில் மைக். படபடவென்று ஸ்பானிஷில் ஏதோ சொல்கிறாள். வீட்டில் அவள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவள். இங்கே தலையைப் பின்னால் சாய்த்து, கதையை முடிக்க முதலே தானே வெடித்துச் சிரிக்கிறாள். குரல்கூட வேறு. கொஞ்சம் உயர்ந்து, இளமையாக இருந்தது.

"என்ன சொல்லுகிறாள்?" என்று பிள்ளையிடம் கேட்டேன்.

அவள் முயன்று பார்த்தாள். நான் ஏதோ ஒரு கடையில் நின்றேனாம், யாரோ ஒருவரை வேலையாள் என்று நினைத்தேனாம். பாதியில் நிறுத்திவிட்டாள். "மன்னியுங்கள். இங்கிலீஷில் சொன்னால் பகிடியாக வரவில்லை."

தாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தாள். நான் மரியாதைக்குப் புன்னகைத்தேன். முப்பது வருடம் கூட வாழ்ந்த ஒருத்தியை யாரோ எனக்குப் புதிதாக அறிமுகம் செய்துவைத்தது போல இருந்தது. அறிமுகமான இடத்திலேயே அவள் இல்லாமலும் போனாள்.

உதவித்தொகையை அந்தப் பிள்ளைக்கே கொடுத்தேன். வீடியோவைப் பார்க்க முதலே அவள்தான் என்று மனதில் முடிவாகியிருந்தது. தாய் வீடியோவை என் போனுக்கு அனுப்பிவிட்டார். மண்டபத்து வாசலில் காரை எடுக்காமல் இருந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் மேல் பொறாமை வந்தது. பிறகு பிள்ளைகளுக்கு அனுப்பினேன்.

கட்டைவிரல் வரவில்லை. மகன் போனில் கோல் எடுத்தான்.

"அப்பா, அம்மா என்ன சொல்லுறா?"

"எனக்கும் விளங்கேல்லை ராசா. என்னைப் பற்றித்தானாம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு நடுவில் உடைந்தது. அழுது முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு பிரேக் முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த வருட முடிவில் அந்தத் தாயையும் வேறு சில பெற்றோரையும் நிதியின் நிர்வாகக் குழுவில் சேர்த்தேன். பிள்ளை இப்போது படிக்கிறாள். நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அனுப்புகிறாள். வேலைகளையெல்லாம் பெற்றோரே பார்த்துக்கொள்கிறார்கள், என்னைவிட நன்றாக. "விடுங்கோவன் அப்பா, இனி அவை பாப்பினம்" என்கிறாள் மகள். சனிக்கிழமையில் எனக்கு வேறு என்ன வேலை என்று சொல்லிவிட்டுக் குழுக் கூட்டத்துக்குப் போகிறேன்.

கூட்டம் ஸ்பானிஷில் நடக்கும். எனக்காக இடையிடையே நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்வார்கள். "பரவாயில்லை, நீங்கள் பேசுங்கள்" என்பேன். போன மாதம் பேச்சின் நடுவே ஒருவர் என் மனைவியின் பெயரைச் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி நானும் சிரித்தேன். என்னவென்று நான் கேட்கவில்லை. ஒருவரும் மொழிபெயர்க்கவும் இல்லை. பிறகு அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கார்களில் ஏறிப் போனார்கள். நான் லைட்டுகளை நிறுத்தி, மண்டபத்தைப் பூட்டிவிட்டு வெரிபீக்குக் காரை எடுத்தேன்.