ஸ்கொட்லாந்துக் கடற்கரையில் ஓர் அறை

ஈழத்தமிழர் நிறைய வாழும் அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் ட்ரவல் ஏஜென்சியில் இன்றுதான் என்னிடம் முதல் முறையாக ஒருவர் ஹோட்டல் கேட்டார்.

இதுவரை விற்றதெல்லாம் விமான டிக்கெட் மட்டுமே. எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குவார்கள். ஓர் அறையாவது விற்றால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

இன்று வந்த அங்கிளும் அன்ரியும் ஸ்கொட்லாந்தில் கடலோரக் கிராமங்களைப் பார்க்கப் போகிறார்களாம்.

"அங்கை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை, பிள்ளை" என்றார் அங்கிள் கவலையோடு.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சின்ன ஹோட்டலின் படத்தைக் காட்டினேன். கீழேயே மீன் உணவகம்.

"மீனுக்குக் கறித்தூள் போடுவினமோ? ஒருக்காக் கேளும்" என்றார் அன்ரி.

கூச்சத்தோடு போன் எடுத்தேன். ரிசெப்ஷன் பெண் சிரித்துவிட்டுச் சமையற்காரரிடம் கொடுத்தாள். நான் திரும்பி, "எந்தத் தூள், அன்ரி?" என்று கேட்டதுதான் தாமதம்.

"நீங்கள் தமிழோ?" என்றது மறுமுனை.

அங்கிள் போனைப் பறித்தார். "தம்பி எந்த ஊர்? சாவகச்சேரியோ! ஆரின்ரை மகன்?"

போனை வைத்தபோது அவர் முகத்தில் கவலையே இல்லை. "அறை வேண்டாம், பிள்ளை. தம்பி தன்ரை வீட்டிலை வந்து நிக்கச் சொல்லுறான். சாப்பாடும் அங்கைதான்."

அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல ஆளாத் தேடித் தந்தீர்."

ஸ்கொட்லாந்தில் தமிழர் ஒருவர்கூட இல்லாத கடற்கரை எது? தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை முதலாளி வருகிறார்.