பாதி கிரிவலம்

விஜயா டீச்சர் வேலையை விட்டுப் போகவில்லை. துரத்தினார்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஏனென்றால், அவர் இறந்த மறுநாளே, துரத்திய அதே சிறப்புப் பள்ளியின் வாசலில் 'எங்கள் ஆசிரியைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று ஃப்ளெக்ஸ் தொங்கியது.

அவருடைய தம்பிதான் போன் செய்தார். மாரடைப்பு. நான் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்காமல் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். கௌசல்யா, "நிஜமாவாப்பா?" என்றாள். ஒரு முறைதான் கேட்டாள். எதையும் இருபது முறை கேட்டால்தான் அடங்குகிற பெண்ணாக இருந்தவள் அவள். அதை ஒன்றாகக் குறைத்தவர் டீச்சர்.

கௌசல்யாவுக்கு ஆட்டிசம். பதினேழு வயதில் அதன் மேல் இன்னொன்றும் ஏறியது. தினமும் கிரிவலமாக மலையைச் சுற்றுவாள். நடுவில் ஒரு கெட்ட நினைப்பு வந்துவிட்டால் அந்தச் சுற்று செல்லாது, உடனே இன்னொரு சுற்று. இல்லாவிட்டால் அப்பாவாகிய நான் செத்துப்போவேன் என்று அவளுக்குப் பயம். இது எனக்கு அப்போது தெரியாது. பூக்கடைக்காரம்மா, "என்னா பக்தி பாருங்க இந்த வயசுல! குடுத்து வெச்சவரு நீங்க" என்பார். சிலர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்தத் தப்பு என்னுடையது.

பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுத்த டீச்சர்தான் அவளுடைய பாதத்தைப் பார்த்தார். முழுக்கக் கொப்புளம். "சுத்தி முடிச்சதும் சிரிக்கிறாளா அண்ணா?" என்று கேட்டார். நான் கவனித்ததே இல்லை. வீட்டில் பாட்டில் மூடிகளை நிறம் நிறமாக அடுக்குவாளே, அதையும் நிறுத்த வேண்டுமா என்றேன். "அதுல கைய வெக்காதீங்க. அது அவ சந்தோஷம். சுத்தறதுதான் பயம்." எட்டாவதோடு நின்றவன் நான். அதன் பிறகு புத்தகங்களைத் தேடி எழுத்துக்கூட்டிப் படித்தேன். இவ்வளவு தெளிவாக எதுவும் சொல்லவில்லை.

மனநல மருத்துவரிடம் எங்களை அழைத்துப் போனதும் அவர்தான். அடுத்த வேலை எனக்கு. "உனக்கு ஒன்னும் ஆகாதுல்லப்பா?" என்று மகள் கேட்கும்போது நான் பதில் சொல்லக் கூடாது. "நீங்க 'ஆகாது'னு சொல்லச் சொல்ல பயம் கொழுத்துக்கினே போகுது. பக்கத்துல மட்டும் உக்காருங்க" என்றார். அதைவிட மோட்டாரைத் தூக்குவது சுலபம்.

சுற்றை முடிக்காமல் பாதியில் திரும்பி, பயந்தது நடக்கிறதா என்று பார்ப்பது அடுத்த பயிற்சி. அதற்கான நாளைக் காலண்டரில் வட்டம் போட்டவள் கௌசல்யாதான். அவள் சம்மதிக்காமல் டீச்சர் ஓர் அடி வைத்ததில்லை. காலையில் மூவரும் நடந்தோம். கிரிவலப் பாதையில் இருக்கும் எம லிங்கத்தருகே நின்றோம். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பயத்தையும் கூட்டிக்கினு திரும்பலாம் வா" என்றார் டீச்சர். திரும்பினோம். ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்தபடி டீச்சரை மறித்தான்.

"பாதியில திரும்பக் கூடாதுனு தெரியாது? சின்னப் பொண்ண கெடுக்கறியே!"

"மலை எங்கயும் ஓடிப்போயிடாதுங்க. வழிய விடுங்க" என்றார் டீச்சர்.

அன்று மாலை வரை மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னும் இருக்கறியே" என்றாள். "சோறு போட்டா இன்னும் கொஞ்ச நாளு இருப்பேன்" என்றேன். சிரித்தாள்.

அந்த வீடியோ பள்ளிக்குப் போனது. "ஊர் வாய்க்கு என்னால பதில் சொல்ல முடியாதும்மா" என்று நிர்வாகி அவரை அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் டீச்சர் கடைசி வாரம் வரை நிறுத்தவில்லை.

அவரைத் தெரிந்தவர்களே, அழுதது போதும். நிர்வாகி அந்த ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டு, செய்தது தவறு என்று எழுதி அதே வாசலில் ஒட்ட வேண்டும். வீடியோவைப் பரப்பியவர்கள் அழிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளின் பயத்தையும் சந்தோஷத்தையும் பிரித்தறியத் தெரிந்த ஒருவரை அரசு இந்த ஊரிலேயே நியமிக்க வேண்டும். ஆணை வரும்வரை பெற்றோர்கள் கலெக்டர் அலுவலகப் படியை விட்டு இறங்கக் கூடாது. பக்தி என்று கும்பிடுகிறவர்கள் முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கும் டீச்சர் ஒரு வேலையை விட்டுப் போயிருக்கிறார். இன்று காலை கௌசல்யா கேட்டாள்: "டீச்சருக்கே ஆயிடுச்சே. உனக்கு ஒன்னும் ஆகாதுல்லப்பா?" பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் அதைச் சொல்லக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும்.