பெத்தாங்க் என்ற சொல்

1932ஆம் வருஷம் பங்குனி மாதம், மரியப்பனுக்குச் சைகோனிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அனுப்பியவள் ஞானசேகரின் மனைவி. சைகோனில் செட்டியார் கடையொன்றில் மரியப்பன் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பதினெட்டு வருஷமும் ஞானசேகர்தான் அவருக்கு ஒரே கூட்டாளி. மரியப்பன் காரைக்குடி திரும்பிய நாலாம் வருஷம் ஞானசேகர் காய்ச்சலில் போய்விட்டார். அவர் விளையாடிய உருண்டைகளை அவர் மனைவி ஞாபகத்துக்கு அனுப்பியிருந்தாள்.

ரயிலடியில் பார்சல் குமாஸ்தா உள்ளே என்ன சாமான் என்று ரசீதில் எழுதச் சொன்னார். மரியப்பன் இங்கிலீஷில் 'பெத்தாங்க், ஒரு செட்' என்று எழுதினார். பெட்டியின் மூலை உடைந்து, மரத்தின் மேல் நெருக்கமாக ஆணி அறைந்த ஓர் உருண்டை வெளியே தெரிந்தது. குமாஸ்தா அதைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனார். கால் மணி நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் முத்தப்பன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து நின்றார். ஊருக்கு ஊர் மறியலும் கைதும் வெடிகுண்டுப் பயமுமாக இருந்த காலம் அது.

போலீஸ் ஸ்டேஷனில் ஆறு உருண்டைகளையும் தண்ணீர் வாளியில் போட்டுவைத்துவிட்டு முத்தப்பன் அகராதியைத் திறந்தார்.

"பெத்தாங்க்னு ஒரு வார்த்தையே இதுல இல்ல. பெட்டார்டுன்னு இருக்கு. கோட்டைக் கதவைப் பேத்தெறியுற வெடியாம். எழுத்தை மாத்திப் போட்டா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அது விளையாட்டோட பேருங்க. பிரான்சுல மர்ஸேய் பக்கத்துப் பேச்சுல காலை ஊன்றி நிக்கிறதுன்னு அர்த்தம். ரெண்டு காலையும் சேத்து வச்சு, நின்ன எடத்துலருந்தே உருண்டையை எறியணும். கப்பல்காரங்க சைகோனுக்குக் கொண்டுவந்தது. புதுப் பேரு, அதான் அகராதியில ஏறல. இங்கிலீஷ்ல எழுதினாலும் அதே பேருதான். கிரிக்கெட்டை வேற என்னன்னு எழுதுவீக?"

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தாரியா?"

மரியப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவரை யாரும் வா போ என்று பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அன்றிரவு அவரை லாக்கப்பில் அடைத்தார்கள். மறுநாள் காலையில் கோடாலிச் சத்தம் கேட்டு லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முற்றத்தில் முத்தப்பன் கோடாலியோடு நிற்க, ஓர் உருண்டை இரண்டாகக் கிடந்தது. உள்ளே மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை, மரம்தான். ஞானசேகர் தன் கையால் பித்தளை ஆணிகளைச் சிலுவை மாதிரி அறைந்து வைத்திருந்த உருண்டை அது. சிலுவையின் நடுவில் கோடாலி இறங்கியிருந்தது.

"யாரைக் கேட்டுப் பொளந்தீக?" என்று மரியப்பன் கத்தினார். "செத்தவன் சாமான்யா அது. வெடின்னா முதல்ல உம்ம கைதான்யா போயிருக்கும்."

கஞ்சி வந்தது, அவர் தொடவில்லை.

அன்று மத்தியானம் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். ஜெர்மன் சண்டைக் காலத்தில் பிரான்ஸ் போனவராம். வாளியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "பெட்டாங்க். மர்ஸேய் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். கிழவர்கள் ஆடுவார்கள்."

"ஆமாங்க துரை, வெளையாட்டுதான்" என்றார் முத்தப்பன் உடனே.

மரியப்பனுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. ஒன்றரை நாளாகத் தொண்டை வறளச் சொன்ன சொல், துரையின் வாயில் ஒரு தடவை, அதுவும் கோணலாக, வந்ததும் மெய்யாகிவிட்டது.

விடுதலைக் காகிதத்தை முத்தப்பன் இங்கிலீஷில் எழுதி நீட்டினார். 'தி பெட்டாங்க்ஸ் ஆர் நாட் பாம்ஸ்' என்று இருந்தது. மரியப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன். ஆட்டத்தோட பேருக்கு முன்னால 'தி' வராது, பின்னால 'எஸ்' வராது. மூணு கிரிக்கெட்டுன்னு எவனாச்சும் சொல்லுவானா? உருண்டைக்குப் பேரு பந்துதான். பந்து ஆறு, அதுல ஒண்ணை சப்-இன்ஸ்பெக்டர் பொளந்துட்டார்னு எழுதுங்க."

"வீட்டுக்குப் போகாம இதென்ன வம்பு" என்று முத்தப்பன் முணுமுணுத்தார்.

மரியப்பன் துரையிடம் நேராக இங்கிலீஷில் அதையே சொன்னார். துரை காகிதத்தை வாங்கி 'தி'யை அடித்தார், 'எஸ்'ஸை அடித்து 'பால்ஸ்' என்று எழுதினார், பிளந்த பந்தையும் ஒரு வரியில் சேர்த்தார். பிறகு, இவ்வளவு நல்ல இங்கிலீஷ் தெரிந்தவர் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தால் என்ன என்று கேட்டார். "வரமாட்டேன்" என்று கையெழுத்தைப் போட்டார் மரியப்பன். கான்ஸ்டபிள் பெட்டியைத் தூக்க வந்தபோது அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

வீட்டில் அவர் மனைவி யூஜினியா எல்லாவற்றையும் கேட்டாள். "தொரை குடுத்த வேலையை வேண்டாம்னுட்டு வந்திருக்கீகளே. இந்தக் கோவத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீக?"

"வச்சுக்கிடத்தான் போறேன்."

பிளந்த துண்டுகளைத் தச்சனிடம் கொடுத்து ஒட்டச் சொல்லலாம் என்றாள். கூடாது என்றுவிட்டார். சைகோனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். பெட்டி பத்திரமாக வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், புருஷனை இழந்தவளுக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நடந்ததை முதலிலிருந்து எழுதினார். பிளந்தவரின் பெயரையும் உத்தியோகத்தையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினார்.