மரத்துக்கு எட்டு வாளி

யுத்தம் முடிந்த மறுவருஷம். பரளச்சியில் நாங்கள் வீடு கட்ட மண் வெட்டிய கொல்லைப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றுவிட்டது. அப்பா அதில் கெண்டைக் குஞ்சுகளை விட்டார். முப்பத்தொன்று, விடும்போதே எண்ணினேன். பாசி பிடித்து நாறிய அந்தத் தண்ணீரை மொண்டு கொய்யா மரங்களுக்கு ஊற்றுவது அக்காவின் வேலை, வாளிகளை எண்ணுவது என்னுடையது. மரத்துக்கு எட்டு. ஊரே காய்ந்து கிடந்தபோதும் எங்கள் கொய்யா மட்டும் கிளை தாழக் காய்த்தது.

அக்காவைப் பெண் கேட்டுக் காரியாபட்டியிலிருந்து வந்தார்கள். அக்காவுக்குப் பதினெட்டு, மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு; சரியாக இரண்டு மடங்கு. அவருக்கு அது இரண்டாம் கல்யாணம். அன்றைக்கே தட்டு மாற்றிவிட வேண்டும் என்று அப்பா வெற்றிலை வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் மீனும் கறியும் விட்டு ஒன்பது வருஷமானவர் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

காலையில் எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்: “ஏலே, பெரியவுக என்ன கேட்டாலும் பொய் சொல்லப்படாது. எத்தன வாளிங்கிறதையும் சேத்துச் சொல்லு.”

கொய்யாவை அக்காவே நறுக்கி அனுப்பினாள். பெரியவர் ஐந்து துண்டு தின்றார்.

“பழம் கல்கண்டாட்டம்ல இருக்கு! என்ன எரு போடுறீக?”

அப்பாவை நான் முந்திக்கொண்டேன். “எருவு இல்ல தாத்தா. மீன் கெடக்குற தண்ணி. மரத்துக்கு எட்டு வாளி. மீனு பேண்டது, செத்தது எல்லாம் அதுலதான்.”

ஆறாவது துண்டு அவர் வாய்க்குள் அப்படியே நின்றது.

“மரம் தண்ணியத்தான குடிக்குது, மீனையா திங்குது?” என்று அப்பா சிரிக்கப் பார்த்தார்.

“எத்தன மீனு தின்னுச்சுன்னு ஒங்க மகன்கிட்டயே கேளுங்க. கணக்கா வச்சிருப்பான்!”

வாய் கொப்பளிக்கக் கொடுத்த செம்பையும் எந்தத் தண்ணீர் என்று கேட்டுத்தான் வாங்கினார். வண்டி பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சொன்னதில் என்ன பிழை என்று எனக்குப் புரியவில்லை. எண்ணிக்கை சரிதான். அப்பா கொய்யாக் குச்சியை ஒடித்தார். நான்கு அடி விழுந்தது. ஐந்தாவதற்கு முன் அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் தலைமேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள், சத்தமே வரவில்லை. பாவம், கல்யாணம் நின்றுபோனதற்கு அழுகிறாள் என்று நானும் அழுதேன். ஆறு வாளி என்று இரண்டைக் குறைத்துச் சொல்லியிருந்தால் அவர்கள் போயிருக்க மாட்டார்களோ என்று அன்று முழுவதும் எனக்கு ஒரே குழப்பம்.