அத்தையின் படத்துக்கு நேராக

முட்டியை மாற்றிக்கொண்டவர்களில் வலியைப் பற்றி உண்மை பேசிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நான் விசாரித்தவர்கள் எல்லோரும், "ஒண்ணுமே இல்ல, மறுநாளே நடக்க விட்டுருவாக" என்றார்கள். நடக்க விட்டது நிஜம்தான். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளே நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தூங்க முடியாது என்பதைப் பற்றித்தான் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

எங்கள் வீடு பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேலேயே இருக்கிறது. முன்பக்கம் என் வீட்டுக்காரரின் கடை. விதை, உரம், பூச்சி மருந்து விற்கிறோம். பின்பக்கம் குடியிருப்பு. ராத்திரி பகல் என்று பாராமல் லாரி போகும். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன், ஒரு நாளும் உறைத்ததில்லை. புது முட்டி வந்த பிறகு ஒவ்வொரு லாரியும் எனக்குள்ளேயே பிரேக் போட்டது.

அந்த ரோட்டுக்காகத்தான் ஆபரேஷனே செய்துகொண்டேன். வலது கால் வில்லாக வளைந்து, நடந்தால் ஆடி ஆடிப் போவேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மாவு மில், பஸ் நிற்கும் இடம், வாரம் ஒரு தடவையாவது நான் போய் உட்காருகிற என் சிநேகிதியின் வீடு. லாரி வரும் வேகத்துக்கு என் கால் எட்டாது. கடையை விட்டுவிட்டு அவர் வந்து, கையைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல் அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார். திரும்பி வர வேண்டுமென்றால் நான் அங்கே நின்று கையாட்ட வேண்டும். கடையில் ஆள் இருந்தால் அவர் கண்ணில் படமாட்டேன். வெயிலில் நிற்பேன். எனக்கு அழுகையாக வரும், ஆத்திரமாகவும் வரும்.

சரி, வலிக்கு வருகிறேன். பகலில் அது அடங்கிக் கிடக்கும். படுத்தால் போதும், உள்ளே யாரோ ஸ்பானர் போட்டுத் திருகுவார்கள். எனக்கு எப்போதும் ஒருக்களித்துச் சுருண்டு படுத்துத்தான் பழக்கம். மல்லாந்து படு என்றால் எப்படித் தூக்கம் வரும்? முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் அப்பாடா என்று இருக்கும். அதைத்தான் வைக்கவே கூடாது, வைத்தால் முட்டி வளைந்தே நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தூக்க மாத்திரை கேட்டேன். "ராத்திரி பாத்ரூம் போறப்ப தள்ளாடி விழுந்துட்டீங்கன்னா செஞ்சதெல்லாம் வீண்மா" என்று டாக்டர் மறுத்துவிட்டார். வலி மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அது கொஞ்சம் கேட்டது. துண்டில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொஞ்சம் கேட்டது. பகலில் கண் அசரக் கூடாது என்பதும் உத்தரவு. ஆனால் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தவளுக்குப் பகலில் கண் சொருகாமல் என்ன செய்யும்?

பார்க்க வந்தவர்கள் வேறு. ஐஸைப் பார்த்ததும், "ஆத்தாடி, முட்டியில போயி ஐஸா! வாயு பிடிச்சுக்கிருமே" என்று அலறுவார்கள். பரளச்சியிலிருந்து வந்த சொந்தக்காரம்மா ஒருத்தி ஆப்பிள் பையைக் கையில் கொடுத்துக்கொண்டே, "எங்க ஊர்லயும் ஒருத்திக்கு இதே ஆபரேஷன்தான் செஞ்சாக. பாவம், இன்னிக்கு வரைக்கும் படுத்த படுக்கை" என்றாள். எழுந்து போடி என்று தொண்டை வரை வந்தது. "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றுதான் சொன்னேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண் ஸ்கூட்டரில் வருவாள். இரண்டு பிள்ளைக்குத் தாய், கறாரானவள். நான் கத்துவதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். முட்டி மடங்குவதில் அவளுக்குக் குறையில்லை. நீட்டச் சொல்லிப் பார்த்தபோதுதான் முகத்தைச் சுளித்தாள். கால் மெத்தையில் படிய வேண்டும். என் முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் அவள் கை தாராளமாக நுழைந்தது.

"நான் அமுக்கி விட்டுட்டுப் போறப்ப சரியா இருக்கு. அடுத்த தடவை வந்தா பழையபடி வளைஞ்சு நிக்குது. ராத்திரி தலையணை வைக்கிறீங்களாம்மா?"

"சத்தியமா இல்ல" என்றேன். அது உண்மை.

"நிமிரலேன்னா விந்தி விந்தித்தான் நடப்பீங்க. அடுத்த தடவ மதுரையில காட்டுறப்ப, மறுபடியும் மயக்கம் குடுத்து நிமித்தணும்னாலும் சொல்லுவாங்க. வீட்டுல யாராவது தினமும் குதிகாலைப் பிடிச்சு, முட்டியை அமுக்கி விடணும்." என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "சார், நீங்க செய்யுங்க."

அவர் தலையாட்டினார். அவள் போனதும், "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். புருசன் கையில் காலைக் கொடுப்பதா? ஆபரேஷனுக்குப் பிறகு கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து இருந்தாள், அவள்தான் அமுக்கிவிட்டாள். அவளும் ஊருக்குப் போய்விட்டாள். விந்தி நடந்தால் இந்த ரோட்டை இந்த ஜென்மத்தில் தனியாகத் தாண்ட முடியாது என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அந்த ஆபரேஷன் மேசையில் படுக்கவும் நான் தயாராக இல்லை. ஆனாலும் காலைக் கொடுக்க மனசு வரவில்லை.

கால் ஏன் நிமிரவில்லை என்று தெரிந்தது ஒரு கரண்ட் இல்லாத நாளில்தான். மாதம் ஒரு நாள் காலையில் நிறுத்தினால் சாயங்காலம் வரை விட மாட்டார்கள். அன்று மழை மூட்டம். லாரிப் புழுதிக்காக ஜன்னலை எப்போதும் சாத்தித்தான் வைப்போம், அதனால் அறை கும்மென்று இருட்டு. உத்தரவை மீறி நான் தூங்கிவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. எழுந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தா, உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார். "கரண்ட் வர்றதுக்கு முன்னாடி உன்னைய எழுப்ப வந்தேன். காலை நல்லா நீட்டிப் படுத்துக் கிடந்த. முட்டி மெத்தையில படிஞ்சு இருந்துச்சு. நானே கையை விட்டுப் பாத்தேன், நுழையல."

"பொய் சொல்லாதீங்க."

"கேளு. அப்ப கரண்ட் வந்துச்சு. அந்த பல்பு எரிஞ்சுச்சு. நீ கண்ணை அரைகுறையாத் திறந்து பாத்த. பாத்த உடனே காலை வெடுக்குனு இழுத்து மடக்கிக்கிட்ட. மறுபடியும் தூங்கிட்ட."

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். என் மாமியார் படம். அத்தை போய்ப் பல வருசம் ஆகிறது. போனவர்கள் படம் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று வடக்குச் சுவரில் மாட்டி, சிவப்பு பல்பு ஒன்றைப் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர். அது ராத்திரியும் பகலும் எரியும். முன்பெல்லாம் நான் அடுப்படி ஓரத்தில் பாய் விரித்துச் சுருண்டு கிடப்பேன். ஆபரேஷனுக்குப் பிறகுதான் உயரமான கட்டில் வாங்கி, பாத்ரூமுக்குப் பக்கம் என்று இந்த அறையில் போட்டோம். வடக்கே தலை வைக்கக் கூடாது, அதனால் தலைமாடு தெற்கே. குறுக்கே போட்டால் வாக்கர் போக வழியில்லை. ஆக, கால்மாட்டில் அத்தை.

எனக்கும் அத்தைக்கும் ஒத்துப்போனதே கிடையாது. உப்புக்குச் சண்டை, கோலத்துக்குச் சண்டை, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதற்குச் சண்டை. நானும் வாய் மூடுகிற ஆள் இல்லை, பதிலுக்குப் பதில் கொடுத்துவிடுவேன். ஆனால் ஒரு நாள்கூட அத்தை எதிரில் நான் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. வாய் எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம், கால் நீளக் கூடாது. படத்தைப் பார்த்ததும் தூக்கத்திலேயே கால் மடங்கியிருக்கிறது, எத்தனையோ ராத்திரியாக!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்தும் விடமாட்டேங்கிறாகளே உங்கம்மா" என்றேன். அவரும் சிரித்தார்.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னோம். "இதுக்குப் போயா இவ்வளவு பாடு? படத்தைக் கழட்டி ஹால்ல மாட்டுங்க. இல்ல பல்பையாவது அணைங்க" என்றாள்.

"அதெப்படிக் கழட்டுறது!" என்று அவர் கத்த, "விளக்கை அணைக்கச் சொல்றா பாரு!" என்று நானும் கத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே பேச்சுப் பேசியது அன்றுதான். "என்னமோ செய்யுங்க" என்று மகள் வைத்துவிட்டாள்.

அன்று படுக்கும் நேரத்தில், கடையில் தான் படுக்கிற மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல் பக்கம் வழி விட்டு, என் கால்மாட்டில் சுவரை ஒட்டிக் குறுக்கே விரித்தார். தலையணையைப் போட்டுப் படுத்துக்கொண்டார். என் காலுக்கும் அத்தைக்கும் நடுவில் இப்போது அவர்.

"என்ன இது?"

"நீ இப்ப எனக்கு நேராத்தான் காலை நீட்டுற. எங்கம்மாவுக்கு இல்ல."

"உங்களுக்கு நேரா நீட்டுனா மட்டும் நல்லாருக்குமா?"

"எத்தனை தடவை பேச்சாலேயே மிதிச்சிருக்க. இதுல என்ன குறைஞ்சு போச்சு? நீட்டு."

நீட்டினேன். முழுசாக வரவில்லை, ஆனால் இழுத்துக்கொள்ளவும் இல்லை. முழித்தபோதெல்லாம் பல்பு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவர் முதுகுதான். கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

பயிற்சிக்காரப் பெண் வந்து கையை விட்டுப் பார்த்தாள். பாதி தேவலை என்றாள். மீதிக்கு அமுக்கித்தான் ஆக வேண்டும், மதுரைக்குப் போகிற நாளும் நெருங்குகிறது என்றாள். அவள் ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டதும் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கால் பக்கம் உட்கார்ந்தார்.

"வேணாங்க. அது பாவம்" என்றேன்.

"எங்கம்மாவுக்கும் முட்டி வலி இருந்துச்சு, தெரியும்ல?"

தெரியாமல் என்ன? எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆண்கள் வெளியே போனதும் அத்தை அடுப்படியில் காலை நீட்டி, தானே நீவி விட்டுக்கொள்வார். இவர் மொபட் சத்தம் கேட்டால் போதும், இரண்டு கையாலும் முட்டியைத் தூக்கி மடக்கிச் சேலையை இழுத்து மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படிப் போகும் என்பதைப் பார்த்தது நான் ஒருத்திதான். இவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அம்மா காலை நீட்டி நான் பாத்ததே இல்ல" என்றார். "செத்த அன்னிக்குத்தான் பாத்தேன். கட்டைவிரலைச் சேத்துக் கட்டணும்னாக. முட்டி நிமிரல. ஒருத்தர் கட்ட, ஒருத்தர் அமுக்கிப் பிடிச்சாத்தான் முடியும்னாக." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அமுக்குனது நான்தான். உசிரோட இருக்கையில ஒரு தடவைகூடத் தொட்டுப் பிடிச்சு விடல. செத்ததுக்கப்புறம் முட்டியை அமுக்குனேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"காலைக் குடு" என்றார்.

குதிகாலை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையை முட்டியின் மேல் வைத்து அமுக்கினார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. "ஐயோ, மெதுவா! உர மூட்டைன்னு நினைச்சீகளா?" என்று கத்தினேன். கத்தலைக் கேட்டுக் கடையிலிருந்து யாரோ, "என்னாச்சு அண்ணாச்சி?" என்றார்கள். "ஒண்ணுமில்ல, இருங்க, வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடியும் அமுக்கினார். அவர் தலைக்கு மேலே அத்தை சிவப்பு வெளிச்சத்தில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை இழுக்கவில்லை.

மதுரையில் டாக்டர் முட்டிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. மயக்கமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று நானும் மற்றவர்களைப்போலப் புளுக மாட்டேன். குளிர் காற்று அடித்தால் இப்போதும் ராத்திரி ஒரு தடவை எழுப்பிவிடும். எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து படுத்தால் தூங்கிவிடுகிறேன்.

போன வாரம் மாவு அரைக்கும் சாக்கில் ரோட்டைத் தாண்டினேன். கையில் கம்பு இருந்தது, கூட யாரும் இல்லை. திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் வழக்கமான இடத்தில் நின்று பார்த்தேன். அவர் கடைப் படியில் இறங்கி, வரட்டுமா என்பதுபோல் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று கையாட்டினேன். ஒரு லாரியைப் போகவிட்டு நானே வந்தேன்.

அன்று ராத்திரி, "இனிமே நீங்க உங்க பழைய இடத்துக்கே போயிப் படுங்க, எனக்குத்தான் சரியாப் போச்சே" என்றேன். "இருக்கட்டும்" என்று குறுக்குக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டார். நானும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை, காலை நீட்டிக்கொண்டேன்.