பெயர் வாசிக்கும் நாள்

வெஸ்ட் வின்ட்சரிலிருந்து நியூயார்க் போகும் காலை ரயிலில் தினமும் எனக்கு எதிரே அவர் உட்காருவார். வலது முழங்கால் மடங்காது. நடைபாதையை மறித்து நீட்டிய அந்தக் கால்மீது எனக்கு முதலில் எரிச்சல்தான். மடிக்கணினியில் பழைய கால்பந்துப் படங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் பெயர் அடிப்பார். வடசென்னையில் அவர் ஆடிய, நூறு வயதை நெருங்கும் கிளப்பின் படங்கள்.

"இந்த மூஞ்சியெல்லாம் யாருன்னு சொல்ல என்னை விட்டா ஆள் இல்ல சார்."

அவர் ஊருக்குப் போய்ப் பதினோரு வருடம். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. போனால் திரும்பி உள்ளே விடுவார்களோ என்ற பயம்.

ஒரு நாள், கிளப்பின் ஆண்டு விழாவை ஃபோனில் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாலை நேரம்.

"ஆடின எல்லார் பேரையும் வாசிப்பாங்க சார். உயிரோட இருக்கறவன் எழுந்து 'இருக்கேன்'னு சொல்லணும். செத்துப்போனவனுக்கு ஹாலே சேர்ந்து 'இருக்கார்'னு கத்தும். லிஸ்ட் நான் டைப் பண்ணி அனுப்பினதுதான்."

அவர் பெயர் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இருக்கேன்!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஆனால் வீடியோவில் இருந்தவர்களையெல்லாம் அங்கே யாரோ மியூட்டில் போட்டிருந்தார்கள். ஹாலில் ஒரு நொடி காத்திருந்தார்கள். பிறகு ஹாலே சேர்ந்து கத்தியது: "இருக்கார்!"

"அவங்களுக்குக் கேக்கல போல. உட்காருங்க சார்," என்றேன்.

அடுத்தடுத்த பெயர்கள் வந்துகொண்டிருந்தன. நியூவார்க்கில் நான் இறங்கியபோதும், அந்த முழங்காலோடு அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.